ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆள் எங்கே?



இந்த வாரம் சம்பளத்தைப் பற்றி எழுதுவதாகத்தான் இருந்தோம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்த பிறகும், நாள் வேலைக்காரர்களின் சம்பளச் சீட்டில் அது எப்படியெல்லாம் நறுக்கப்படுகிறது என்பதற்கு நம்மிடம் கணக்கு இருக்கிறது. அதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். ஏனென்றால், ஈஜோக் பக்கம் போனாலும், ஜெராம் பக்கம் போனாலும், புக்கிட் ரோத்தான் கடைத்தெருவில் ஒரு தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தாலும் நம்மிடம் வந்து நிற்கிறவர்கள் சம்பளத்தைப் பேசுவதில்லை. ஆஸ்பத்திரியைத்தான் பேசுகிறார்கள்.

"ராத்திரி எட்டு மணிக்குப் போனோம், விடியற்காலையிலதான் டாக்டரப் பாத்தோம்" என்கிறார் ஒருவர். "மூணு மாசம் கழிச்சு வான்னு துண்டு குடுத்தாங்க, போனா பெரிய டாக்டர் இன்னைக்கி வரலன்னு இன்னொரு துண்டு" என்கிறார் இன்னொருவர். ஒரு தாய் ஒன்றும் பேசாமல், மகளின் பிரசவக் கார்டை எடுத்து நம் கையில் வைத்துவிட்டு அழுதார். இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டு சம்பளச் சீட்டைப் பற்றி எழுத கை வரவில்லை.

நான் கண்ணால் கண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று பெயர் போடப் போவதில்லை. பெயர் போட்டால் மேலே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. இரவு வேலை பார்க்கும் நர்ஸுப் பிள்ளைகள்தான் ஏச்சு வாங்குவார்கள்.

செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பழம் வெட்டிய மனிதர் அவர். வயது ஐம்பத்தேழு. இனிப்பு நீர்க்காரர். காலில் முள் குத்தி, அதை ஊசியால் தானே எடுத்துப் போட்டுவிட்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு ஒரு வாரம் வேலைக்குப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை ராத்திரி கால் வீங்கி, காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. அவர் மனைவி எனக்குப் போன் போட்டார். என் பழைய காரில் அவரையும் அக்காவையும் மகனையும் ஏற்றிக்கொண்டு போனேன். ஒன்பது மணி இருக்கும். வாசலில் ஒரு நர்ஸ் காலைப் பார்த்தார், சூடு பார்த்தார், பச்சை அட்டை கொடுத்து உட்காரச் சொன்னார்.

உட்கார்ந்தோம். பத்து மணிக்குப் பால் குடிக்கிற பிள்ளை ஒன்று இழுப்போடு வந்தது, உள்ளே போனது. பத்தரைக்கு மோட்டார் மோதி இரண்டு பையன்கள் இரத்தத்தோடு வந்தார்கள். அதற்குப் பிறகு உள்ளே கதவு மூடியது மூடியதுதான். பதினோரு மணி, பன்னிரண்டு மணி. அந்த மனிதர் நாற்காலியில் சாய்ந்து நடுங்கிக்கொண்டிருக்கிறார். கூடத்தில் முப்பது பேருக்குக் குறையாது. மின்விசிறி ஒன்றுதான் ஓடுகிறது. ஒரு மணி வாக்கில் மகன் எழுந்துபோய்க் கண்ணாடியைத் தட்டி, வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டான். தமிழில்தான் ஏசினான். உள்ளேயிருந்து வந்த நர்ஸ் தமிழ்ப் பிள்ளை. அவனிடம் ஒன்றும் சொல்லாமல் என் பக்கம் திரும்பி, "அண்ணே, நான் மத்தியானம் ரெண்டு மணிக்கி டியூட்டிக்கி வந்தவ. ஒன்பது மணிக்கி நான் வீட்டுக்குப் போயிருக்கணும். ராத்திரிக்கி வர வேண்டிய புள்ள எம்.சி. இருக்கறது ஒரே டாக்டர். அவரு அந்தப் பையனோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காரு. ஆம்புலன்ஸு ஒரு கேஸ ஏத்திக்கிட்டு கிள்ளானுக்குப் போயி இன்னும் திரும்பல, அதுல ஒரு ஆளு போயாச்சு. நான் என்னண்ணே பண்ணட்டும்?" என்றது. கண்ணில் தண்ணீர். பேச்சில் தெரிந்தது, அதுவும் ஒரு தோட்டத்துப் பிள்ளை.

விடியற்காலை இரண்டேகாலுக்கு டாக்டர் வந்து காலைப் பார்த்தார். பார்த்ததுமே அவர் முகம் மாறியது. பச்சை அட்டை மஞ்சளாகியது. காலையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இரண்டு விரல்களை எடுத்தார்கள். உயிர் தப்பியது. ஆனால் இனி அவர் பழம் வெட்ட முடியாது. ஐந்து மணி நேரம் முன்னால் பார்த்திருந்தால் விரல் தப்பியிருக்குமா என்று அக்கா என்னைக் கேட்டார். ஒரு வாரம் பூட்ஸுக்குள் அழுகியதும் சேர்ந்துதான் அந்தக் கணக்கு. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்த ராத்திரியிலிருந்து ஒன்று மனதில் உறுத்துகிறது. கண்ணாடிக்கு வெளியே ஏசியவன் தொழிலாளியின் மகன். உள்ளே ஏச்சு வாங்கியவள் தொழிலாளியின் மகள். இரண்டு பேரையும் மோதவிட்டவர் யாரும் அந்தக் கூடத்தில் இல்லை.

வட சிலாங்கூரின் ஆஸ்பத்திரி நிலவரத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். கோலசிலாங்கூர் மாவட்டத்துக்குச் சுகாதார அமைச்சின் ஆஸ்பத்திரி தஞ்சோங் காராங்கில் இருக்கிறது. அதற்கு வடக்கே சபாக் பெர்ணத்தில் தெங்கு அம்புவான் ஜெமாஆ ஆஸ்பத்திரி. கிழக்கே மலையடிவாரத்தில் கோல குபு பாரு. இவை மூன்றும் நிபுணர் இல்லாத மாவட்ட ஆஸ்பத்திரிகள் என்ற வகையிலேயே நீண்ட காலமாக வைக்கப்பட்டவை. கொஞ்சம் பெரிய விவகாரம் என்றால் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமாவுக்கோ, சுங்கை பூலோவுக்கோ, 2015-ல் திறந்த ஷா ஆலாமுக்கோ போயாக வேண்டும். கோலசிலாங்கூரிலிருந்து கிள்ளானுக்கு ஐந்தாம் நம்பர் சாலையில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். லாரி வரிசையில் மாட்டிக்கொண்டால் நேரத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம். 2011-ல் ஈஜோக்கிலிருந்து லாத்தார் நெடுஞ்சாலை திறந்தார்கள். நல்ல ரோடுதான். டோல் கட்டி, சொந்தக் காரில் போகிறவருக்கு நல்ல ரோடு. பூஞ்சாக் ஆலாமில் யூ.ஐ.டி.எம். பல்கலைக்கழகத்தின் பெரிய போதனா ஆஸ்பத்திரி ஒன்று அண்மை ஆண்டுகளில் வந்திருக்கிறது. ஆனால் அது சுகாதார அமைச்சின் கீழ் இல்லை.

சிறிய ஆஸ்பத்திரியில் ஏன் இவ்வளவு இழுபறி என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். படித்து முடித்த இளம் டாக்டர்களின் பயிற்சி, நிபுணர்கள் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் நடக்கும். கிள்ளானில் ஒரு வார்டுக்குள் போனால் வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள் அங்குமிங்கும் ஓடுவதைப் பார்க்கலாம். மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அந்தப் பிள்ளைகள் கிடையாது. இருக்கிற சில டாக்டர்களே பகலில் வார்டையும் கிளினிக்கையும் பார்த்து, இரவில் முறைபோட்டு விழித்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் பிரசவ லீவில் போனால், ஒருவர் கோர்ஸுக்குப் போனால், அந்த மாதத்து அட்டவணை கிழிந்துபோகும்.

ஆம்புலன்ஸ் விஷயமும் அப்படித்தான். நிபுணர் இல்லாத காரணத்தால் நோயாளியை வேறு ஊருக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் கூடவே ஒரு நர்ஸோ மெடிக்கல் அசிஸ்டெண்டோ போக வேண்டும். போய், அங்கே கட்டில் கிடைக்கும்வரை நின்று, ஒப்படைத்து, திரும்பி வர மூன்று மணி நேரமும் ஆகும், நான்கு மணி நேரமும் ஆகும். அதுவரைக்கும் இங்கே ஓர் ஆளும் குறைவு, ஒரு வண்டியும் குறைவு. அந்த நேரம் பார்த்து ஒரு தோட்டத்தில் பாம்பு கடித்தால்? 999-க்கு அடித்தால் வண்டி எங்கிருந்து வரும்?

சரி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் விடிந்துவிடுமா? 2021 ஜூலையில் கோவிட் உச்சத்தில் கிள்ளான் ஆஸ்பத்திரி பட்ட பாட்டை நாடே பார்த்தது. கட்டிலும் போதவில்லை, இடமும் போதவில்லை. கோவிட் போய்விட்டது, நெரிசல் போகவில்லை. பால்மரமும் செம்பனையும் நின்ற காடெல்லாம் இன்று தாமான்கள். 2010 மக்கள்தொகைக் கணக்கில் கோலசிலாங்கூர் மாவட்டத்தில் சுமார் 2 லட்சம் பேர். 2020 கணக்கில் 2 லட்சத்து 80 ஆயிரத்தை ஒட்டி வந்துவிட்டது. வீடு கட்ட அனுமதி கொடுத்தவர்கள், அந்த வீட்டுக்காரனுக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே போவான் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா?

டாக்டர் படித்தவர்களே நாட்டில் இல்லையா என்றால், அதுவும் இல்லை. இங்கேதான் தொழிற்சங்கக்காரன் என்ற முறையில் நமக்கு ரத்தம் கொதிக்கிறது. 2016 கடைசியிலிருந்து அரசாங்கம் புதிய டாக்டர்களை ஒப்பந்த முறையில் எடுக்க ஆரம்பித்தது. 2021 வரையில் அப்படி எடுக்கப்பட்டவர்கள் 23,000-க்கும் மேல். அவர்களில் நிரந்தரப் பதவி கிடைத்தது 789 பேருக்கு. கோவிட் வார்டுகளில் இராப்பகலாக நின்ற அந்தப் பிள்ளைகள் 2021 ஜூலை 26-ஆம் தேதி கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிகளை விட்டு வெளியே வந்து நின்றார்கள். ஹர்த்தால் என்று பெயர். நமக்கு அந்தச் சங்கதி புதிதா? காண்டிராக்டு ஆள் என்றால் என்ன, நிரந்தர ஆள் என்றால் என்ன என்று தோட்டத்தில் எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒரே மரம், ஒரே கத்தி, ஒரே வெயில். ஆனால் ஒருவனுக்கு லீவு உண்டு, மற்றவனுக்கு இல்லை. அந்தச் சூதை டாக்டர் பட்டம் வாங்கியவன் மேலேயே போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு நிரந்தர இடங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கப்பட்டன என்பது உண்மை. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள். சிங்கப்பூர் கூப்பிடுகிறது, தனியார் ஆஸ்பத்திரி கூப்பிடுகிறது.

நர்ஸுகள் கதை வேறு. 2024 டிசம்பர் முதல் வாரத்துக்கு 42 மணி நேரம் என்றிருந்த அவர்களுடைய வேலையை 45 மணி நேரமாக்கப் பார்த்தார்கள். நர்ஸுகள் எதிர்த்தார்கள், ஒத்திவைக்கப்பட்டது. ஆள் போதவில்லை என்றால் ஆளைக் கூட்ட வேண்டும். இருக்கிற ஆளின் நேரத்தைக் கூட்டுவது எந்த ஊர் நியாயம்? தோட்டத்து மண்டோர் கணக்கு இது: பத்துப் பேர் வேலையை எட்டுப் பேரை வைத்து முடித்துவிட்டு, துரையிடம் நல்ல பேர் வாங்குவது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர் நினைத்தால்கூடத் தன் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பதவியை உண்டாக்க முடியாது. பதவி எண்ணிக்கை பொதுச் சேவைத் துறையின் ஒப்புதலில் இருக்கிறது, பணம் நிதி அமைச்சில் இருக்கிறது. ஆகவே முகப்பில் நின்று கூச்சல் போடுகிறவர்கள் தவறான கதவைத் தட்டுகிறார்கள்.

இப்படிச் சொல்வதால், ஆஸ்பத்திரிச் சிப்பந்திகள் எல்லாரும் தேவதைகள் என்று நாம் சான்றிதழ் கொடுக்கவில்லை. மலாயில் தன் நோவைச் சொல்லத் தெரியாத கிழவியிடம் முகத்தைச் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். "வலி எங்கே" என்று கேட்டால் "அடி வயிறு பிசையுது, நெஞ்செல்லாம் கரிக்குது" என்பார் நம் பாட்டி. அதை யார் எந்த மொழியில் எழுதிக்கொள்வது? கூட வந்த பேரப்பிள்ளை "சாக்கிட் பெருட்" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவான். நெஞ்சுக் கரிப்பு காணாமல் போய்விடும். தோட்டத்துக் கைலியோடும் மண் ஒட்டிய காலோடும் வந்தவனைப் பார்க்கும் பார்வைக்கும், தாமானிலிருந்து கார் சாவியோடு வந்தவனைப் பார்க்கும் பார்வைக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று நம் ஆட்கள் சொல்வதை நாம் பொய் என்று தள்ள மாட்டோம். களைப்பு என்பது தாமதத்துக்குக் காரணமாகலாம், அவமரியாதைக்குக் காரணமாகாது.

முன்பெல்லாம் இப்படி இருந்ததா என்று வயதானவர்களைக் கேட்டால், உடனே டிரெஸர் ஐயாவைச் சொல்கிறார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தோட்டத்திலும் ஒரு டிரெஸர் இருந்தார். சட்டைப் பையில் சூடு பார்க்கிற குச்சி, கையில் ஒரு தோல் பை. நடுராத்திரியில் கதவைத் தட்டினாலும் டார்ச் லைட்டோடு லயத்துக்கு வந்து நிற்பார். பக்கத்துத் தோட்டங்கள் சேர்ந்து நடத்திய ஆஸ்பத்திரி இருந்தது, வாரத்துக்கு ஒருநாள் பெரிய டாக்டர் வருவார். இதையெல்லாம் சொல்லிப் பெருமூச்சு விடுகிறவர்கள், அதே டிரெஸர் எல்லா நோவுக்கும் ஒரே சிவப்புத் தண்ணியைக் கொடுத்ததையும், துரைக்குப் பயந்து "லைட் ஒர்க்" என்று எழுதிக் காய்ச்சல்காரனை வேலைக்கு விரட்டியதையும் மறந்துவிடக்கூடாது. என் தகப்பனாரை அப்படி விரட்டியிருக்கிறார். ஆனாலும் மனிதர் பக்கத்தில் இருந்தார். கூப்பிடு தூரத்தில் இருந்தார்.

அந்த டிரெஸரும் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்தது இல்லை. 1901-ல் மால்கம் வாட்சன் என்ற அரசாங்க டாக்டர் கிள்ளானுக்கு வந்தபோது, மலேரியாவில் ஜனங்கள் ஈசல் போல விழுந்துகொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் அதே கதி. சதுப்பை வடித்து, காட்டை வெட்டித்தான் அவர் அதை அடக்கினார். ஆள் செத்தால் ரப்பர் பால் வராது என்பது முதலாளிகளுக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டக் கோவை, தோட்டத்தில் வைத்தியத்தை முதலாளியின் பொறுப்பாக்கியது. சட்டம் இருந்தது, பல இடங்களில் வைத்தியம் பேருக்குத்தான் இருந்தது. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் தலைமையில் கிளம்பிய வேலைநிறுத்தத்தில் என்னென்ன கேட்டார்கள் தெரியுமா? துரை முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை, கள்ளுக்கடையை மூடுவது, பிள்ளைகளுக்குப் படிப்பு. அவற்றோடு ஒழுங்கான வைத்திய வசதி. இதைக் கேட்டதற்காக நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளத்தைக் கொண்டுவந்து சுட்டார்கள், தொழிலாளர்கள் செத்தார்கள். அந்த நெருப்பு கோலசிலாங்கூர்த் தோட்டங்கள்வரை வந்தது.

தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, ரப்பர் போய் செம்பனை வந்து, ஆட்கள் குறைந்து, தோட்டத்து ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. "பக்கத்திலேயே கவர்மெண்டு ஆஸ்பத்திரி இருக்கே" என்றார்கள். முதலாளியின் தலையிலிருந்து சுமை இறங்கியது. இறங்கிய சுமையைத் தூக்க கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்கு எத்தனை ஆள் கூடுதலாகக் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நாமும் அன்றைக்கு அழுத்திக் கேட்கவில்லை. அந்தக் குற்றத்தில் சங்கங்களுக்கும் பங்கு உண்டு என்று எழுத எனக்குக் கூச்சமில்லை.

1990-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 446-ஆம் சட்டம் என்பார்கள். தொழிலாளர் குடியிருப்பைப் பற்றிய சட்டம் என்றே நாம் அதை அறிவோம். ஆனால் அதில் ஆரோக்கியம், ஆஸ்பத்திரி, மருத்துவ வசதி ஆகியவற்றுக்கும் பகுதி உண்டு. 2019-ல் அதைத் திருத்தி மற்றத் தொழில்களுக்கும் விரித்தார்கள். நமது கிளைச் செயலாளர்களில் எத்தனை பேர் அந்தப் பகுதியைப் படித்திருக்கிறோம்? தோட்டத்தில் இன்று வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியரும் வங்காளதேசியும் நேப்பாளியும்தான். அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் கட்டணம் நமக்குப் போல ஒரு வெள்ளி இல்லை. 2014-ஆம் ஆண்டுக் கட்டண ஆணைக்குப் பிறகு வெளிநாட்டவருக்கான மானியம் படிப்படியாக எடுக்கப்பட்டு, முன்பணம் கட்டினால்தான் வார்டில் கட்டில். காய்ச்சலோடு லயத்தில் சுருண்டு கிடக்கிற வங்காளதேசிப் பையனைப் பார்த்து, "அவன் நம்ம ஆளு இல்ல" என்று போகிறவன் தொழிலாளி இல்லை. நம் பாட்டன் கப்பலில் வந்தபோது அவனும் இப்படித்தான் கிடந்தான். வேலையில் அடிபட்டால் 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் பெர்கேசோ உண்டு என்பதை அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது நமது கடமை.

இப்போது நம் வீட்டு அடுப்புக்கு வருவோம். அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளி நோயாளிக்கு ஒரு வெள்ளி, நிபுணருக்கு ஐந்து வெள்ளி. உலகத்தில் பல நாடுகளில் இந்த விலைக்கு வைத்தியம் கிடையாது, அதை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்த ஐந்து வெள்ளி டாக்டரைப் பார்க்க, பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து ஒருவர் கிள்ளானுக்குப் போய்வர என்ன செலவு? (2007-ல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். நமக்கு இன்னும் பெர்ஜுந்தைதான்.) பஸ் நேரத்துக்கு வராது. பக்கத்து வீட்டுக்காரர் காருக்கு எண்ணெய், டோல், அவருக்குச் சாப்பாடு. அறுபது வெள்ளி பறந்துவிடும். அதற்கு மேல் அன்றைய சம்பளம் போச்சு.

அந்தச் சம்பள விஷயத்தில்தான் நம் ஆட்கள் ஏமாந்து போகிறார்கள். வேலைச் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்து வருஷத்துக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு நோய் லீவு உண்டு. வார்டில் படுத்தால் 60 நாள் வரை. 2023 ஜனவரி முதல் இந்த 60 நாள் தனிக் கணக்கு, முன்போல மற்ற நாளோடு சேர்த்துக் கழிக்க முடியாது. ஆனால் எம்.சி. வேண்டும். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தவணை நாளில் போய் நாள் முழுக்கக் காத்துக் கிடந்துவிட்டு வருகிறவருக்கு ஆஸ்பத்திரி கொடுப்பது பெரும்பாலும் எம்.சி. இல்லை, வந்து போன நேரத்தைக் காட்டும் டைம் ஸ்லிப். கிராணி அதைப் பார்த்து, "இது எம்.சி. இல்ல" என்று ஆப்செண்ட் போட்டுவிடுவார். டாக்டர் வராததால் மறுபடி தவணை, மறுபடி ஆப்செண்ட். மூன்றாவது தவணைக்கு அந்தத் தொழிலாளி போவதே இல்லை. "சோறா, கண்ணா" என்று கேட்டால் அவன் சோறு என்றுதான் சொல்வான். இனிப்பு நீர் கண்ணில் ஏறி, சிறுநீரகத்தில் ஏறி, அப்புறம் வாரத்துக்கு மூன்று நாள் இரத்தம் கழுவப் போகும்போது எல்லாரும் பரிதாபப்படுவார்கள்.

2019-ல் தேசிய சுகாதார ஆய்வு சொன்ன கணக்கு: பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்பு நீர். இந்தியர்களில் நூற்றுக்கு 31. மூன்றில் ஒன்றை நெருங்குகிறது. இதற்கு ஆஸ்பத்திரியை மட்டும் பழிக்க முடியுமா? காலையில் பிரட்டுக்குப் போகும்முன் நான்கு கரண்டிச் சீனி போட்டுத் தேத்தண்ணி, மத்தியானம் சீனித் தண்ணி, ராத்திரியில் சம்சு. மருந்து முடிந்தால், "இப்ப நல்லாத்தான் இருக்கு" என்று அடுத்த தவணைவரை விட்டுவிடுவது. முள் குத்தினால் ஊசியால் எடுப்பது. நான் மேலே சொன்ன மனிதருக்கு முதல் நாளே கிளினிக்குக்குப் போகத் தோன்றவில்லை. தோன்றினாலும் அன்றைய கூலியை விட மனம் வரவில்லை. இரண்டும் உண்மை.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது ஒன்றும் வானத்து நிலா அல்ல. மாவட்ட ஆஸ்பத்திரியில் இரவு வேளைக்கு இரண்டு டாக்டர். ஆம்புலன்ஸ் கிள்ளானுக்குப் போனால், பின்னால் நிற்க இன்னொரு வண்டியும் ஆளும். வருவதாகச் சொன்ன நிபுணர் வர முடியாவிட்டால், முதல் நாளே நோயாளிக்குப் போன் போட்டுச் சொல்வது. இதற்கு என்ன கோடியா செலவாகும்? மூன்றாவதைச் செய்ய ஒரு போன் போதும். பதினைந்து பேருடைய நாள் கூலி மிச்சமாகும். நிர்வாகங்களிடம் கேட்பதும் பெரிதில்லை. டைம் ஸ்லிப்பில் தவணைக் கார்டின் தேதி இருந்தால் அதற்கு ஆப்செண்ட் போடக்கூடாது என்பதைக் கூட்டு ஒப்பந்தத்தில் எழுத்தில் கொண்டுவர வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தையில் இதைச் சம்பளத்துக்குப் பக்கத்திலேயே வைக்கப் போகிறோம், கடைசிப் பக்கத்தில் இல்லை.

அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு லெம்பாகா பெலாவாட் என்று ஒரு பார்வையாளர் குழு உண்டு. வார்டுகளைச் சுற்றிப் பார்க்கவும், நோயாளிகளின் குறைகளைக் கேட்டு மேலே சொல்லவும் உள்ள குழு. ஊர்ப் பெரிய மனிதர்களையும் கட்சிக்காரர்களையும் போடுகிறார்கள். தீபாவளிக்குப் பழக்கூடையோடு படம் எடுத்துக்கொள்வதோடு சிலருக்கு வேலை முடிந்துவிடுகிறது. நம் தோட்டத்துப் பெண் ஒருவரை அதில் ஏன் போடக்கூடாது? ராத்திரி பத்து மணிக்கு அந்தக் கூடத்தில் உட்கார்ந்து பழகியவரைப் போடுங்கள். என்ன குறை என்று அவரிடம் யாரும் விளக்க வேண்டியிருக்காது.

மேலே போய்ப் பேச நமக்குக் கையில் காகிதம் வேண்டும். "எப்பப் பாத்தாலும் லேட்டு" என்று சொன்னால் அதிகாரி சிரித்துவிட்டு, "அபாங், எந்தத் தேதி?" என்று கேட்பார். நாம் விழிப்போம். ஆகவே இந்த மாதத்திலிருந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒவ்வொருவரும் போய்ச் சேர்ந்த மணி, பெயர் பதிந்த மணி, டாக்டர் பார்த்த மணி, வெளியே வந்த மணி, இந்த நான்கையும் தவணைக் கார்டின் பின்பக்கத்திலோ பிள்ளைகளின் பள்ளிக் கொப்பியிலோ எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுத வையுங்கள். நர்ஸின் பெயரை எழுத வேண்டாம். டைம் ஸ்லிப்பைக் கிராணியிடம் கொடுக்கும்முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நகல் எடுக்க வழியில்லாவிட்டால் கைப்பேசியில் படம் பிடித்தால் போதும். டைம் ஸ்லிப்புக்காக ஆப்செண்ட் போட்ட சம்பளச் சீட்டு இருந்தால் அதையும் சேர்த்து உங்கள் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். ஜெராம், ஈஜோக், புக்கிட் ரோத்தான், ராஜா மூசா, பெர்ஜுந்தை வட்டாரங்களில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் நானே வந்து அவற்றை வாங்கிக்கொள்கிறேன்.

தோட்டத்துக்குள் ஆம்புலன்ஸ் வழி தெரியாமல் சுற்றும் விஷயமும் பாக்கி இருக்கிறது. செம்பனைக் காட்டுக்குள் வீட்டு நம்பரும் கிடையாது, தெருப் பெயரும் கிடையாது. இரவில் கேட்டைப் பூட்டிவிட்டு ஜாகா எங்கோ போயிருப்பார். 999-க்கு அடிக்கிறவர் முதலில் தோட்டத்தின் பெயர், அதற்குப் பிறகு பெரிய ரோட்டிலிருந்து திரும்புகிற இடத்தில் என்ன அடையாளம், கோயிலா, பள்ளியா, எடைபோடும் இடமா என்று சொல்ல வேண்டும். மோட்டார் வைத்திருக்கிற பையன் ஒருவன் லைட்டைப் போட்டுக்கொண்டு ரோட்டு முனையில் போய் நிற்க வேண்டும். கேட்டுச் சாவி இரவில் யாரிடம் இருக்கிறது என்பதை இந்த வாரமே உங்கள் நிர்வாகத்திடம் கேட்டு வையுங்கள்.